கடைச் சாவி யாரிடம் இருக்கிறது?

ஹந்தானையில் வீடு, கண்டி நகரில் கடை. எமது வியாபாரிகள் பலரின் நிலை இதுதான். இரவு வீடு வந்து சேர்ந்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வருகிறது: "நானா, பில் போடுற கம்பியூட்டர் வேலை செய்யுதில்ல." மழையில் அந்த வளைவுப் பாதையால் மீண்டும் இறங்குவதா, விடியும் வரை பொறுப்பதா?

இதற்குத் தீர்வாகத்தான் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்கள் வந்தன. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற பெயர்களை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றை இரு விதமாகப் பாவிக்கலாம். கணினியின் முன் இருப்பவர் சம்மதித்து அழுத்தினால் மட்டும் உள்ளே வருவது ஒன்று. முன்கூட்டியே கடவுச்சொல் அமைத்து வைத்து, கடை பூட்டியிருக்கும்போதும் எவருமின்றி உள்ளே வருவது மற்றது. முதலாவது கதவைத் தட்டி வருவது. இரண்டாவது மாற்றுச் சாவி செய்து கொடுப்பது.

அந்த மாற்றுச் சாவியின் தேவையைக் கடந்த சில ஆண்டுகள் நன்றாகவே உணர்த்தின. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு அமுலானபோது கணக்குப் புத்தகம் முழுவதும் பூட்டிய கடைக்குள் சிக்கிக்கொண்டது. 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது கண்டி மாவட்டத்தில் பல பாதைகள் மண்சரிவால் மூடப்பட்டன.

சரியாக அமைப்பது எப்படி?

முதலில் கணினி விழித்திருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் வந்ததும் கணினி தானாக இயங்கும்படி 'பயோஸ்' அமைப்பில் ஒரு மாற்றம் செய்யலாம். தூக்க நிலைக்குச் செல்வதையும் நிறுத்த வேண்டும். யூ.பி.எஸ். கணினிக்கு மட்டும் போதாது; இணையத்தைத் தரும் ரவுட்டருக்கும் தேவை. மின்சாரமும் தொடர்பாடலும் ஒன்றாக அறுந்துவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மென்பொருளை இறக்கி அப்படியே ஓடவிடாமல் கணினியில் முறையாக நிறுவ வேண்டும். அப்போதுதான் கணினி அணைந்து மீண்டும் இயங்கும்போது அதுவும் தானாகத் தொடங்கும். ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு நீளமான கடவுச்சொல் வையுங்கள். கையடக்கத் தொலைபேசிக்கு இரகசிய இலக்கம் வரும் இரட்டைப் பாதுகாப்பு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட கணினிகளிலிருந்து மட்டுமே உள்ளே வரலாம் என்ற பட்டியலும் அமைக்க முடியும்.

விண்டோஸ் புரோ பதிப்பில் 'ரிமோட் டெஸ்க்டொப்' வசதி ஏற்கனவே உண்டு. ஆனால் அதன் 3389ஆம் இலக்க வாயிலை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் கும்பல்கள் வழக்கமாகத் தட்டிப் பார்க்கும் கதவுகளில் அதுவும் ஒன்று.

மேலே சொன்ன இரண்டு மென்பொருள்களும் தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே இலவசம். கடைக்குப் பாவிப்பதாயின் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும். ஹலாலான சம்பாத்தியத்தை நாடும் நாம் இதை அற்ப விடயமாக எண்ணக் கூடாது.

மறந்துபோன சாவி

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பில் போடும் மென்பொருளைப் பொருத்த வந்த இளைஞர், "ஏதும் பிரச்சினை என்றால் அங்கிருந்தே பார்க்கிறேன்" என்று நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை அமைத்துவிட்டுப் போகிறார். பத்துக் கடைகளுக்கும் அதே கடவுச்சொல்தான். பின்னர் அவர் வேலையை விட்டு விலகுகிறார், வெளிநாடும் போய்விடுகிறார். சாவி அவர் கையிலேயே இருக்கிறது. முதலாளிக்கு அப்படியொரு சாவி இருப்பதே ஞாபகமில்லை. அந்த இளைஞர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கணினிக்குள் ஒரு திருடன் புகுந்தால் பத்துக் கடைகளும் திறந்தவைதான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021 ஜூலை 2ஆம் திகதி, பல நிறுவனங்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கப் பயன்படும் 'கசேயா' என்ற மென்பொருளின் ஓட்டை வழியே ஒரு கும்பல் புகுந்தது. ஏறத்தாழ 1,500 வரையான வியாபார நிலையங்கள் பாதிக்கப்பட்டன. சுவீடனில் 'கூப்' நிறுவனம் காசுப் பெட்டிகள் இயங்காததால் சுமார் 800 கடைகளை மூட நேர்ந்தது. இத்தனைக்கும் கூப் நேரடியாகத் தாக்கப்படவில்லை. அதன் காசுப் பெட்டிகளைப் பராமரித்தவர்கள் பாவித்த மென்பொருளின் வழியேதான் தாக்குதல் வந்தது.

எமது நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரச இணையச் சேமிப்பகம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பல அலுவலகங்களுக்கு இல்லாமற்போயின. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் எமது கணக்குகளுக்கு? வாரம் ஒருமுறை பிரதி எடுங்கள். எடுத்த பின் அந்த டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

அனுமதி என்ற அமானிதம்

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்பது ஸூரா அந்நூர் கற்றுத்தரும் ஒழுக்கம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது ஸூரா அல்பகரா கற்றுத்தருவது. இரண்டும் இங்கு பொருந்தும். யாருக்கு, எந்தக் கணினிக்கு, எந்தத் திகதியில் சாவி கொடுத்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒருவர் விலகினால் அன்றைய தினமே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அனுமதியின்றி பிறர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும்.

முதலாளிமாருக்கும் ஒரு வரம்பு உண்டு. கணினியைப் பராமரிக்கத் தந்த வசதியைக் கொண்டு ஊழியரை அவருக்குத் தெரியாமல் துருவிப் பார்ப்பது சரியல்ல. இந்தக் கணினிக்குள் வெளியிலிருந்து வரலாம் என்பதை அதில் வேலை செய்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கடைக் கணினியில் நிறுவியுள்ள மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஏதும் அங்கிருந்தால், அதை யார் போட்டார், கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்று விசாரியுங்கள். பதில் தெரியாவிட்டால் அன்றே மாற்றிவிடுங்கள். கடைக் கதவின் பூட்டாக இருந்தால் அப்படித்தானே செய்வோம்?