வைத்தியச் செலவைத் தாங்குவது யார்?

வைத்தியச் செலவை நோயாளியே தாங்குவதா, சங்க அங்கத்தினர்கள் பகிர்ந்துகொள்வதா, அன்றி நாட்டின் பொது வருவாயிலிருந்து கொடுப்பதா என்னும் கேள்விக்குப் பிரிட்டனின் அனுபவம் நல்ல பாடம் தருகிறது. கூட்டுறவாளராகிய நமக்கு அதில் தனி அக்கறையும் உண்டு. அவ்வரலாற்றில் தொழிலாளர் சங்கம் ஒன்றுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

தென் வேல்ஸில் டிரெடீகர் என்பது நிலக்கரியும் இரும்பும் சார்ந்த சிற்றூர். அவ்வூர்த் தொழிலாளர்கள் 1890-ஆம் ஆண்டில் வைத்திய உதவிச் சங்கம் ஒன்றை நிறுவினர். சம்பளத்தில் பவுன் ஒன்றுக்கு 3 பென்னி வீதம் சந்தா பிடிக்கப்பட்டது. அன்றைய பவுன் 240 பென்னியாதலால், இது 80-இல் ஒரு பங்கேயாகும். இதைக்கொண்டு அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி ஆகிய வசதிகளைப் பெற்றனர்.

ஊர்தோறும் இத்தகைய சங்கம் இருக்கவில்லை. 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரந்தோறும் தொழிலாளி 4 பென்னியும், முதலாளி 3 பென்னியும், சர்க்கார் 2 பென்னியும் செலுத்தும் இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. ஆயினும் தொழிலாளியின் மனைவி மக்களுக்கு அதில் வைத்திய வசதி இல்லை.

டிரெடீகரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அனைரின் பெவன் 1945-இல் சுகாதார மந்திரியானார். தம் ஊர்ச் சங்கம் செய்ததை நாட்டுக்கே செய்ய வேண்டுமென்பது அவர் நோக்கம். அப்போது இரண்டு விவாதங்கள் எழுந்தன.

முதலாவது, பணம் எங்கிருந்து வருவது என்பது. சந்தா கட்டியவருக்கே உதவி என்றால், வேலையிழந்து சந்தா கட்ட இயலாதவர் விடுபட்டுப்போவார். ஆகவே, பெரும்பகுதி பொது வரியிலிருந்தே வரவேண்டும் என முடிவாயிற்று.

இரண்டாவது, நிர்வாகம் யார் கையில் என்பது. ஆஸ்பத்திரிகள் நகரசபைகளிடமே இருந்தால்தான் மக்களின் கண்காணிப்பு நிலைக்கும் என்று மந்திரிசபையில் ஹெர்பர்ட் மாரிஸன் வாதாடினார். அப்படியானால் வசதியுள்ள வட்டாரத்துக்கு நல்ல ஆஸ்பத்திரியும் ஏழை வட்டாரத்துக்குக் குறையுள்ள ஆஸ்பத்திரியும் வாய்க்கும் என்றார் பெவன். அவர் கருத்தே வென்றது. குடும்ப டாக்டர்கள் சர்க்கார் சம்பளத்தை ஏற்க மறுத்தமையால், பதிவு செய்துகொண்ட நபர்களின் எண்ணிக்கைப்படி அவர்களுக்கு ஊதியம் தரப்பட்டது. 1948 ஜூலை 5-ஆம் தேதி திட்டம் தொடங்கியது.

செலவோ மதிப்பீட்டை மிஞ்சியது. 1951-இல் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதிக்க முற்பட்டபோது பெவன் பதவி துறந்தார். 1952-இல் மருந்துச் சீட்டுக்கு 1 ஷில்லிங் விதிக்கப்பட்டது. வேல்ஸ் இக்கட்டணத்தை 2007-இல் நீக்கியது. இங்கிலாந்தில் அது நீடிக்கிறது. பொது வரியால் நடக்கும் திட்டத்திலும் வரம்பு எங்கே என்னும் வாதம் ஓய்வதில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? சங்கத்தின் கணக்கை அங்கத்தினர் நேரில் கேட்கலாம். இது அதன் பலம். மாதச் சம்பளம் ஒழுங்காக வரும் ஊருக்குச் சந்தா முறை பொருந்தும். நூல் கிடைக்காமல் தறி நின்ற நெசவாளிக்கும், மழை பொய்த்த விவசாயிக்கும் சந்தா தவறும் மாதமே நோய்க்கு அஞ்ச வேண்டிய மாதமாகவும் அமைகிறது. அவரைத் தாங்கும் வலிமை ஒரு சங்கத்தின் நிதிக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அதற்குப் பொது நிதியின் துணை வேண்டும்.

ஆதலின் எந்த வைத்தியத் திட்டம் நம்முன் வைக்கப்பட்டாலும் மூன்று கேள்விகளைப் பொதுக்கூட்டத்தில் கேட்போமாக: சந்தா தவறினால் உதவி நிற்குமா? குடும்பத்தார் அனைவரும் சேர்வரா? கணக்கை நமக்குக் காட்டுவது யார்?