கையில் கறை, மனதில் நிறைவு

ஒரு காலத்தில் சொந்தக் கார் என்றால் அது பெரிய அதிகாரிகளுக்கும் முதலாளிகளுக்கும் உரியது. 1983 டிசம்பர் 14-ந்தேதி மாருதி 800 சாலைக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. 796 சி.சி. என்ஜின், மூன்று சிலிண்டர் கொண்ட சின்ன வண்டி அது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்று விட்டது. ஆனாலும் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர் பக்கம் போனால், இரண்டு மூன்று கை மாறி வந்த 800-களை இன்றும் பார்க்கலாம். அவற்றை வைத்திருப்பவர்களில் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களுமாக நம்மவர்கள் பலர் உண்டு.

பழைய காரை வாங்குவது எளிது. வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ரூபாய் ஆனது. அதோடு ஒர்க்‌ஷாப் பில்லும் சேர்ந்தால் மாதச் சம்பளக்காரர் என்ன செய்வார்? சிலர் காரை விற்று விடுகிறார்கள். சிலர் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினரைப் பற்றியது.

அரைகுறைக் கன்னடம்

பிழைக்க வந்த ஊரில் ஒர்க்‌ஷாப்புக்குப் போவது தனி அனுபவம். மெக்கானிக் கன்னடத்தில் மளமளவென்று நாலைந்து உறுப்புகளின் பெயரைச் சொல்வார். எல்லாம் போய் விட்டது என்பார். நம்மவர் தலையை ஆட்டுவார். பில் வந்த பிறகுதான் எதற்குத் தலையை ஆட்டினோம் என்பது புரியும்.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் பீனியா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் காலை அவருடைய கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் "டக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. பேட்டரியையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். நண்பர் யோசித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாமே பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. முனைகளைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவி மறுபடி முறுக்கினார். கார் கிளம்பி விட்டது. செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பேச்சே வேறு. பழுது என்ன என்று தெரிந்தவருக்கு அரைகுறைக் கன்னடமே போதுமானதாக இருக்கிறது!

என்னென்ன செய்யலாம்?

10, 12, 14, 17 நம்பர் ஸ்பேனர்கள், ஒரு பிளக் ஸ்பேனர், திருப்புளி, நல்ல ஜாக்கி, பழைய துணி. தொடங்குவதற்கு இவ்வளவு போதும். உதிரி பாகங்களுக்கு ஜே.சி. ரோடு இருக்கிறது.

முதலில் ஏர் ஃபில்டர். அதைக் கழற்றித் தூசி தட்டலாம், அல்லது புதிது போடலாம். அடுத்தது ஸ்பார்க் பிளக். அதன் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி எரிகிறது. ஆயில் ஈரம் இருந்தால் என்ஜினுக்குள் தேய்மானம் இருக்கலாம். வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

என்ஜின் ஆயில் மாற்றுவதும் பெரிய வித்தை அல்ல. வண்டி லேசாகச் சூடாக இருக்கும்போது அடியில் உள்ள பிளக்கைத் திறந்து பழைய ஆயிலை வடிக்க வேண்டும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும். பிறகு கையேட்டில் சொன்ன ரக ஆயிலை, சொன்ன அளவு ஊற்ற வேண்டும்.

குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பதிவேடு எழுதும் பழக்கம் நம் கையில் ஊறியது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, ஆன செலவு என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். எந்த உறுப்பு எப்போது மாற வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லும். பின்னால் காரை விற்க நேர்ந்தால் வாங்குபவருக்கும் அதைக் காட்டலாம்.

எச்சரிக்கை தேவை

ஆசை இருந்தாலும் எல்லை தெரிய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கவும் வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பிரேக், ஸ்டீயரிங், ஏர் பேக் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டு விடுங்கள். அங்கே மிச்சமாகும் பணத்துக்கு உயிர்தான் ஈடு. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கம்பியைக் கண்டால் கை வைக்காதீர்கள். அது உயர் அழுத்த மின்சாரம்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டுவதும் தவறு. கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து விடலாம்.

ஞாயிறு மாலை

வாரம் ஆறு நாளும் நாம் பார்க்கும் வேலையின் பலன் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கிருந்து ஒரு ஃபைல் போகிறது, அங்கிருந்து ஒரு ஃபைல் வருகிறது. ஆனால் ஞாயிறு காலையில் திக்கித் திணறிய என்ஜின், மாலையில் சீராக ஓடும்போது, அது நம் கையால் ஆனது என்பது உடனே தெரிகிறது. பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பிள்ளைக்கும் அது தெரிகிறது. அப்பா அலுவலகத்தில் என்ன செய்கிறார் என்று சொல்லத் தெரியாத பிள்ளை, "எங்கப்பா காரைச் சரி பண்ணிட்டார்" என்று தெருவெல்லாம் சொல்லி வருகிறது.

ஆகவே, வாசகர்களே, இந்த வாரம் பானெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒன்றையும் கழற்ற வேண்டாம். ஆயில் அளவையும் தண்ணீர் அளவையும் பார்த்துவிட்டு, நோட்டில் முதல் வரியை எழுதுங்கள். மற்றவை தானாக வரும்.