கோழிகளைக் கூட்டில் அடையப் பழக்குவோம்

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் புதிய இடத்தில் வயல் செய்ய நாட்செல்லும். மாடு வாங்கப் பணம் சேரவும் நாட்செல்லும். ஆனால் இரண்டு பேடும் ஒரு சேவலும் இருந்தால், சில மாதங்களில் வீட்டில் முட்டை இருக்கும்; பிள்ளைகளின் கொப்பி, பென்சிலுக்குக் கைச்செலவும் கிடைக்கும். அதனால்தான் பலர் முதலில் கோழியுடன் தொடங்குகிறார்கள்.

அந்தக் கோழிகளை நாம் பெரும்பாலும் இழப்பது பகலில் அல்ல, இரவில்தான். பூவரசிலோ முருங்கையிலோ ஏறிப் படுத்த கோழியை மரநாய் பிடித்துவிடும். காலையில் மரத்தின் கீழ் இறகுகள் மட்டுமே கிடக்கும். ஒரு பேடு போனால், அது இடவிருந்த முட்டைகளும் பொரிக்கவிருந்த குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. பிறருடைய வளவில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எமது கோழி அயலவரின் கொட்டிலில் அடைந்து, அவர்களின் விறகையும் பாயையும் அழுக்காக்கினால், வீண் மனக்கசப்பு உண்டாகிறது.

கோழியைக் கூட்டில் அடையப் பழக்குவது கடினமான வேலையல்ல. ஒரு வாரப் பொறுமை போதும்.

கோழி ஏன் மரத்தில் ஏறுகிறது?

வீட்டுக்கோழியின் மூதாதை காட்டுக்கோழியாகும். எமது நாட்டுக் காட்டுக்கோழியும் இரவில் மரக்கிளையில்தான் தங்குகிறது. உயரத்தில் இருப்பதே பாதுகாப்பு என்பது கோழியின் இயல்பான எண்ணம். இருட்டில் கோழிக்குக் கண் நன்றாகத் தெரியாது. ஆகவே பொழுது படுமுன்பே அது தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. ஓரிடத்தில் சில நாள் படுத்துவிட்டால், பிறகு நாள்தோறும் அங்கேயே வரும். இந்த இரண்டு குணங்களையும் நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

இரவில் மட்டும் தங்கும் 10 கோழிகளுக்கு 4 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கூடு போதும். நிலத்திலிருந்து 2 அடி உயரத்தில் கால்களின் மேல் அமைத்தால் ஈரம் ஏறாது. பாம்பு, கீரியின் தொல்லையும் குறையும். ஏறிச்செல்ல ஒரு பலகையைச் சாய்த்து, குறுக்குச் சட்டங்கள் அடித்துவிடுங்கள்.

உள்ளே தங்கு தடிகள் கட்டாயம் வேண்டும். தடி இல்லாத கூட்டைக் கோழி விரும்பாது. ஒன்றரை முதல் 2 அங்குலத் தடிப்புள்ள கதியாலைப் பட்டை உரித்துப் பயன்படுத்தலாம். ஒரு கோழிக்கு 8 அங்குல இடம் என்று கணக்கிட்டால், 4 அடித் தடிகள் இரண்டு போதும். இரண்டையும் ஒரே உயரத்தில் பொருத்துங்கள். ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்தால், மேல்தடிக்குச் சண்டை வரும். முட்டையிடும் பெட்டி தடியை விடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கோழிகள் அதற்குள் படுத்து முட்டைகளை அழுக்காக்கும்.

கூட்டின் வாசலை மேற்குப் பக்கம் வைப்பது நல்லது. மாலை வெளிச்சம் கடைசிவரை உள்ளே விழும். இருண்ட கூட்டுக்குள் நுழையக் கோழி அஞ்சும். மாரியில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் சாரலும் உள்ளே வராது. கூரைக்குக் கிடுகு போடலாம். ஆனால் கிடுகை மரநாய் பிரித்துவிடும் என்பதால் அதன் கீழ் சலாகையோ கம்பி வலையோ அடியுங்கள். தறப்பாளால் முழுவதும் மூடினால் காற்றில்லாமல் கோழி வாடும். கதவுக்குக் கொளுக்கி போடுங்கள்.

பழக்கும் முறை

1. புதிதாகக் கொண்டுவந்த கோழிகளை முதல் ஒரு வாரம் வெளியே விடக்கூடாது. கூட்டிலேயே தண்ணீரும் தீனியும் வையுங்கள். பகலில் இடம் போதாது என்றால், கூட்டுடன் சேர்த்து நிழலான ஓரிடத்தை வலையால் அடைத்துக் கொடுங்கள். மூன்றாம் நாளே பாவம் பார்த்துத் திறந்துவிட்டு, மைமல் பொழுதில் வேலி வேலியாகத் தேடித் திரிந்த அனுபவம் எமக்கும் உண்டு.

2. தீனி வைக்கும்போதெல்லாம் சிரட்டையில் தட்டி ஒரே மாதிரி ஓசை எழுப்புங்கள். ஓசைக்கும் தீனிக்கும் உள்ள தொடர்பைக் கோழி விரைவில் அறிந்துகொள்ளும்.

3. ஒரு வாரத்தின் பின், முதல் நாட்களில் மாலை 5 மணியளவில் மட்டும் திறந்துவிடுங்கள். பசியோடு இருக்கும் கோழி தூரம் போகாது. பொழுது படும் நேரத்தில் சிரட்டையைத் தட்டி, கூட்டுக்குள் ஒரு பிடி நெல்லோ குரக்கனோ தூவுங்கள்.

4. நான்கைந்து நாள் ஒழுங்காக வந்தால், காலையிலேயே திறந்துவிடலாம். மாலைத் தீனியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

5. மரத்தில் ஏறிய கோழியைக் கல்லெறிந்து கலைக்காதீர்கள். நன்றாக இருட்டிய பின் மெதுவாகத் தூக்கிவந்து, கூட்டின் தடியில் வையுங்கள். தொடர்ந்து சில இரவுகள் இப்படிச் செய்தால் பழக்கம் மாறும். அது ஏறப் பயன்படுத்தும் தாழ்ந்த கிளையையும் வெட்டிவிடுங்கள். சிறகு வெட்டுவதை நாம் விரும்புவதில்லை. பகலில் நாய் துரத்தும்போது அந்தக் கோழியால் பறந்து தப்ப முடியாது.

குஞ்சுகள் தாயோடு கூட்டின் தரையில் படுக்கும். 6 முதல் 8 வாரங்களில் தாய் அவற்றை விலக்கத் தொடங்கும்போதே தடிக்குப் பழக்குங்கள். அந்த நாட்களைத் தவறவிட்டால் அவை மரத்தைத் தேடிப்போகும்.

பழகிய கோழி வர மறுத்தால்

கோழியில் குறை காணுமுன் கூட்டைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் செந்நிறச் சிற்றுண்ணிதான். இது பகலில் தடியின் வெடிப்பிலும் மூட்டுகளிலும் ஒளிந்திருந்து, இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். இரவில் ஒரு வெள்ளைத் துணியால் தடியின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். சிவப்புப் பொட்டுகள் பட்டால் உண்ணி இருக்கிறது. தடிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, மூட்டுகளில் வேப்பெண்ணெய் பூசுங்கள். இந்த உண்ணி இரையில்லாமலும் பல மாதங்கள் உயிர் வாழும். ஆகவே ஊர் திரும்பிய பின் கைவிடப்பட்ட பழைய கூட்டைக் கொதிநீர் ஊற்றாமல் பயன்படுத்த வேண்டாம்.

எச்சம் சேர்ந்து மூக்கை அரித்தாலும், கூரை ஒழுகினாலும் கோழி உள்ளே வராது. வாரம் ஒரு முறை எச்சத்தை அள்ளி எடுங்கள். பச்சையாகப் போட்டால் பயிர் கருகும். குப்பையோடு சேர்த்து மக்கவைத்து மிளகாய், கத்தரிக்குப் போடுங்கள்.

மீண்டும் இடம் மாற நேர்ந்தால்

இரண்டு பேர் தூக்கக்கூடிய பாரத்தில் கூட்டைச் செய்வது நல்லது. கோழியைக் கூட்டோடு இரவில் கொண்டுபோங்கள். சென்ற இடம் புதிது. ஆனால் கூடு பழையது. அதற்குள் சில நாள் அடைத்து வைத்தால், கோழி விரைவில் பழகிக்கொள்ளும்.

எல்லாக் கோழிகளும் ஒரே கூட்டில் அடைந்தால் நோயுற்றதை உடனே கண்டுபிடிக்கலாம். கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, இராணிக்கட்டுத் தடுப்பு மருந்து கொடுப்பதும் இலகு; ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை.

மாலையில் கதவைப் பூட்டும் பொறுப்பை வீட்டில் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். பூட்டுமுன் எண்ணச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தால் அன்றிரவே தேடலாம். விடிந்த பின் தேடினால் பெரும்பாலும் இறகுதான் கிடைக்கும்.