கைதட்டல் அடங்கிய பிறகு

அறிவியல் நிகழ்ச்சியில் திரவ நைட்ரஜன் புகைவதைக் கண்டு பிள்ளைகள் ஆர்ப்பரிக்கிறார்கள். சரி, அறிவியல் மண்டையில் ஏறியதா? அரங்க வாசலிலேயே கருத்துப் படிவம் நீட்டினால் எல்லோரும் ‘அருமை’ என்றுதான் எழுதுவார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் குழுவோ, இதைச் சோதிக்கப் பருவ இறுதிவரை காத்திருந்தது. அதன் ஆய்வு 2004இல் வெளியானது. சில மாணவர்களுக்குச் செயல்விளக்கமே காட்டவில்லை. சிலர் வெறுமனே பார்த்தார்கள். சிலர் என்ன நடக்கும் என்று முதலில் கணித்துவிட்டுப் பார்த்தார்கள். சிலர் கணித்ததோடு சக மாணவர்களுடன் விவாதிக்கவும் செய்தார்கள். பிறகு அதே சூழல்களைத் தேர்வில் வைத்து, காரணத்தையும் எழுதச் சொன்னார்கள். சரியான விளக்கம் தந்தவர்கள்: பார்க்காதவர்களில் 22%, வெறுமனே பார்த்தவர்களில் 24%. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு இரண்டே புள்ளிதான் பலன்! கணித்தவர்களில் 30%, விவாதித்தவர்களில் 32%.

ஏன் இப்படி? மனத்தில் தவறான எண்ணம் இருந்தால், கண் எதிரே நடந்ததே மாறிப் பதிகிறது. 2013இல் மசூரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை மாணவர் ‘பார்த்தது’ உண்மையில் நடந்ததோடு ஒத்துப்போகவில்லை. கணித்தவருக்கோ தன் கணிப்பு பொய்த்தால் அது உறுத்துகிறது.

ஆசிரியர்களே, அடுத்த முறை பலூனை வெடிக்கவைக்கும்முன் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். என்ன ஆகும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.