மானியம் எவர் வாசலை அடைகிறது?

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

அரசின் கடமை இன்னதென்று கூற வந்த திருவள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல் என்பவற்றோடு நின்றுவிடவில்லை. காத்ததைத் தக்கவாறு வகுத்துச் செலவிடும் திறமையையும் உடன் சேர்த்தார். முதல் மூன்றையும்விட நான்காவதே கடினமானது என்பதை இன்றைய அரசுகளின் வரவு செலவுத் திட்டங்கள் காட்டுகின்றன. மின்சாரம், குடிநீர், எரிபொருள் ஆகிய மூன்றும் இன்று எந்த வீட்டுக்கும் இன்றியமையாதவை. இவற்றின் முழு அடக்க விலையையும் ஏழைக் குடும்பம் தாங்காது. ஆகவே உலகின் பல அரசுகள் ஏதேனும் ஒரு வகையில் அச்சுமையின் ஒரு பகுதியைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. அதுவே மானியம் எனப்படுகிறது.

மானியம் வேண்டுமா, வேண்டாமா என்று பட்டிமன்றங்களில் அடிக்கடி வாதிடுகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மானியம் வழங்கும்போது அரசு எதை எண்ணுகிறது? வீட்டு இணைப்பையா, விற்கும் பொருளையா, ஆளையா, வறுமையையா? எதை எண்ணுகிறதோ அதைப் பொறுத்தே அந்த உதவி யாரை அடைகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பது முடிவாகிறது. சில நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

இணைப்பை எண்ணும் முறை

நாம் நன்கு அறிந்ததிலிருந்தே தொடங்கலாம். 2016-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற செல்வி ஜெ. ஜெயலலிதா, வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்க ஆணையிட்டார். இம்முறையின் சிறப்பு அதன் எளிமை. விண்ணப்பம் வேண்டியதில்லை, வருமானச் சான்றிதழுக்காக எந்த அலுவலகத்திலும் காத்திருக்க வேண்டியதில்லை. மீட்டர் இருந்தால் போதும். கணக்கெடுக்கும்போதே 100 யூனிட் கழிந்துவிடும்.

மாளிகைக்கும் 100 யூனிட், ஓட்டு வீட்டுக்கும் 100 யூனிட் என்பதே இம்முறைமீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மீட்டர் தம் பெயரில் இல்லாதவர் நிலை என்ன? லைன் வீடுகளிலும் மாடி அறைகளிலும் வாடகைக்கு இருப்போர் பலர் மின்வாரியத்துக்கு நேரே பணம் கட்டுவதில்லை. வீட்டுக்காரர் பொருத்திய சப்மீட்டரைப் பார்த்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்லும் தொகையை வாடகையோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். கல்லூரிக்கு அருகே அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம் நண்பர்கள் பலருக்கும் இது பழக்கமான செய்தியே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே மீட்டரின்கீழ் மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மாதங்களில் 80 யூனிட் செலவழிக்கிறது. தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் இந்த ஆணையின்படி மூவரும் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. ஒரே மீட்டர் என்பதால் மொத்தம் 240 யூனிட் ஆகிறது. 140 யூனிட்டுக்குக் கட்டணம் விழுகிறது. எஞ்சிய 100 யூனிட்டின் பயனும் மூவருக்கும் பகிர்ந்து வருமா என்பது வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தது. மிகக் குறைவாகச் செலவு செய்யும் குடும்பமே இங்கு உதவியை இழக்கிறது.

இதே சிக்கலைத் தென்னாப்பிரிக்கா நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. நிறவெறி ஆட்சி நீங்கிய பின் 1996-இல் இயற்றப்பட்ட அந்நாட்டு அரசியலமைப்பு, போதுமான நீர் பெறுவதை மக்களின் உரிமையாக அறிவித்தது. 2001 முதல் வீடொன்றுக்கு மாதம் 6,000 லிட்டர் நீரும், 2003-இல் வகுக்கப்பட்ட கொள்கையின்படி மாதம் 50 யூனிட் மின்சாரமும் இலவச அடிப்படை அளவாயின. 50 யூனிட் என்பதை இரண்டு மாதங்களுக்குக் கணக்கிட்டால் 100 யூனிட், நம் அளவேதான். 6,000 லிட்டர் என்பதும் ஒரு கணக்கில் பிறந்ததே: ஒரு வீட்டில் 8 பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், 30 நாள்.

ஆனால் எல்லா வீட்டிலும் எட்டுப் பேரே இருப்பதில்லை. ஜோகனஸ்பர்க் நகரைச் சேர்ந்த சொவேட்டோவில் ஃபிரி என்னும் பகுதி உள்ளது. அங்கே ஒரு மனையில் முதன்மை வீடும், அதன் பின்புறம் சிறு கொட்டகைகளில் வேறு சிலரும் வாழ்வது வழக்கம். அப்படி ஒரு மனையில் 20 பேர் இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 10 லிட்டரே. நகராட்சி அங்கு முன்பணம் செலுத்தும் மீட்டர்களைப் பொருத்தியிருந்தது. இலவச அளவு முடிந்ததும் குழாய் தானாகவே நின்றுவிடும். பணம் கட்டினால்தான் மீண்டும் நீர் வரும். இதனை எதிர்த்து லிண்டிவே மசிபுகோ என்ற பெண்மணியும் மற்றும் சிலரும் வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்றம் 2008-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் 42 லிட்டர் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம், அளவை வரையறுப்பது நீதிமன்றத்தின் வேலையன்று, நகராட்சியின் கொள்கை நியாயமானதே என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தோர் தோற்றனர். எனினும் வழக்கு நடந்த காலத்திலேயே, வறியோர் எனப் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கூடுதல் நீர் கிடைக்குமாறு நகராட்சி தன் கொள்கையைத் திருத்திக்கொண்டது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

விலையிலிருந்து ஆளுக்கு

இணைப்பை எண்ணுவதில் இக்குறை இருப்பின், விலையையே அனைவருக்கும் குறைத்துவிடலாமே என்று தோன்றும். ஈரான் நெடுங்காலம் அவ்வாறே செய்தது. எண்ணெய் வளம் மிக்க அந்நாட்டில் பெட்ரோல், எரிவாயு, மின்சாரம் யாவும் மிக மலிவாக விற்கப்பட்டன. இரண்டு கார் வைத்திருப்பவர் அந்த மலிவை இரண்டு மடங்கு அனுபவித்தார். காரே இல்லாதவருக்குப் பெட்ரோல் மலிவால் நேரடிப் பயன் இல்லை. விலைமீது தரும் மானியம், மிகுதியாக வாங்குபவருக்கு மிகுதியாகச் செல்லும். இது அதன் இயல்பு.

2010 டிசம்பரில் ஈரான் அரசு விலைகளை ஒரேயடியாக உயர்த்தியது. ஈடாக, விண்ணப்பித்த குடும்பங்களின் வங்கிக் கணக்கில் ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் செலுத்தியது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 45 டாலர். விலை உயரும் முன்பே முதல் தொகை கணக்குகளில் வந்து சேர்ந்தது. மக்கள் அமைதி காத்ததற்கு அது ஒரு காரணம். இங்கு அரசு எண்ணியது ஆளை. ஐந்து பேர் கொண்ட ஏழைக் குடும்பத்துக்கு ஐந்து பங்கு கிடைத்தது. கூட்டுக் குடித்தனமோ வாடகை வீடோ இதில் குறுக்கே வரவில்லை. ஆயினும் இரண்டு குறைகள் இருந்தன. குடிமக்கள் மட்டுமே எண்ணப்பட்டதால், உயர்ந்த விலையைக் கொடுத்த ஆப்கானிய அகதிகளுக்கு ஈடு கிடைக்கவில்லை. மேலும், பணவீக்கம் ஏற ஏற, மாறாத தொகை கரைந்தது. அந்த 4,55,000 ரியால், 2020-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிச்சந்தையில் இரண்டு டாலர்கூடத் தேறவில்லை. யூனிட்டாகத் தருவது விலைவாசியால் தேயாது. பணமாகத் தருவது தேயும்.

வறுமையை எண்ணும் முறை

மூன்றாவது வழி, ஏழை யார் என்று தேர்ந்து அவருக்கே கொடுப்பது. தென்னமெரிக்காவின் சிலி நாடு 1989-இல் குடிநீருக்கு இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அங்கே தண்ணீர்க் கட்டணம் அடக்க விலையை ஒட்டியே அமைகிறது. ஆனால் வறிய குடும்பம் தன் நகராட்சியில் விண்ணப்பித்துத் தேர்வு பெற்றால், ஏறத்தாழ 15 கன மீட்டர் வரையிலான பயன்பாட்டுக்குரிய கட்டணத்தில் 25 முதல் 85 விழுக்காடு வரை அரசே தண்ணீர் நிறுவனத்துக்குச் செலுத்தும். எஞ்சிய பங்கைக் குடும்பம் கட்ட வேண்டும். அரசின் பணம் சிதறாமல் செல்லும் முறை இது. ஆனால் விண்ணப்பிக்கத் தெரியாதவரும் கூசுபவரும் இதில் விடுபட்டுப் போவர்.

இக்குறையைப் பிரிட்டனில் தெளிவாகக் காணலாம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவுக்காக, ஓய்வூதிய வயதினருக்கு 1997 முதல் அங்கு ஓர் உதவித்தொகை வழங்கப்பட்டது. அரசு எண்ணியது வயதை. செல்வரும் பெற்றனர், ஏழையும் பெற்றார். 2024 ஜூலையில் அரசு அதனை இங்கிலாந்திலும் வேல்சிலும் வறியோருக்கான ஓய்வூதிய உதவி போன்றவற்றைப் பெறுவோருக்கு மட்டும் எனச் சுருக்கியது. அந்த உதவிக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத முதியோர் பலர். அவர்கள் இரண்டையும் இழந்தனர். எதிர்ப்பு வலுத்தது. 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேற்படாத ஓய்வூதியர் அனைவருக்கும் உண்டு என்று அரசு மாற்றி அறிவித்தது.

நாம் கொள்ள வேண்டியது

இவற்றுள் குறையற்ற முறை எதுவுமில்லை. விலையை எண்ணினால் செல்வர் மிகுதி பெறுகின்றனர். வறுமையை எண்ணினால் விண்ணப்பிக்காத ஏழை விடுபடுகிறார். ஆளுக்குப் பணம் தந்தால் அது நாளடைவில் தேய்கிறது. இணைப்பை எண்ணினால் பிறர் மீட்டரின் பின்னே வாழ்பவர் கண்ணில் படுவதில்லை.

இவற்றுள் கடைசியாகக் கூறிய குறை நம்முடையது. நம்மால் தீர்க்கக் கூடியதும் ஆகும். அதற்கு வேற்று நாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. நம் ரேஷன் கடையைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் குடும்ப அட்டை வீட்டுச் சுவரை எண்ணுவதில்லை, அடுப்பை எண்ணுகிறது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும், தனியே சமைத்து உண்ணும் குடும்பம் தனி அட்டை கோரலாம். சொந்த வீடு இல்லை என்பதால் எவருக்கும் அரிசி மறுக்கப்படுவதில்லை. அரிசிக்கு நாம் கண்ட இந்நெறியை மின்சாரத்துக்கும் கொள்ளலாம். தனியே சமைக்கும் ஒவ்வொரு வாடகைக் குடும்பத்துக்கும் குறைந்த செலவில் தனி மின் இணைப்பு எளிதில் கிடைக்கச் செய்வது அதற்கு முதற்படியாகும்.

பல்லாயிரம் கோடி ரூபாய் செலவழித்தும், வரிசையின் கடைசியில் இருக்கும் குடித்தனக்காரரின் விளக்குக்கு அது வந்து சேரவில்லையென்றால், வகுத்தல் இன்னும் முடியவில்லை என்றே பொருள்.