விபத்துக்கு முன் வருகிறவர்

காரைக்கால் என்றதும் நம் நேயர்களில் பெரும்பாலோருக்கு அம்மையாரும் மாங்கனித் திருவிழாவும் நினைவுக்கு வரும். சனி தோஷம் நீங்கத் திருநள்ளாற்றுக்குச் சென்று நள தீர்த்தத்தில் முழுகி வந்தவர்களும் நம்மிடையே அநேகர். ஆனால் ஊரிலிருந்து தெற்கே திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி வாஞ்சூர் வரையில் போய்ப் பார்த்தவர்கள் சிலரே. அங்கே இருப்பது வேறொரு காரைக்கால். மேலவாஞ்சூரில், உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் ரசாயனத் தொழிற்சாலை. கடலோரத்தில், 2009-ஆம் வருஷம் முதல் நடந்து வரும் தனியார் துறைமுகம். அதில் மலைமலையாக வந்திறங்கும் நிலக்கரி. திருமலைராயன்பட்டினத்தில் இயற்கை வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் 32.5 மெகாவாட் நிலையம்; நிரவியில், காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகளை நடத்தும் ஓ.என்.ஜி.சி.யின் காரியாலயம். இவ்வளவும் சுமார் 160 சதுர கிலோமீட்டரே உள்ள ஒரு துண்டு நிலத்தில்!

இந்த யந்திரங்களுக்கும் வாயுக்களுக்கும் நடுவே உழைக்கும் மனிதனுடைய கை, கண், சுவாசம் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே சர்க்காரில் ஓர் உத்தியோகம் உண்டு. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் என்பது அவருடைய பழைய பெயர். போலீஸ் இன்ஸ்பெக்டரை அறியாத குழந்தை இல்லை. இவரை அறிந்த பெரியவர்களே குறைவு. காரணம் எளிது. போலீஸ்காரர் காரியம் நடந்த பிறகு வருகிறவர். இவரோ நடப்பதற்கு முன் வரவேண்டியவர். இவர் வேலையைச் செவ்வனே செய்தால் ஒன்றுமே நடப்பதில்லை. நடக்காத ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் என்ன எழுதுவது?

இவர் ஆலைக்குள் போனால் எதைப் பார்க்கிறார்? நிலக்கரியைச் சுமந்து செல்லும் ஓடுபட்டையை எடுத்துக்கொள்வோம். பட்டை உருளையோடு சேரும் இடம் ஒரு வாய். துண்டின் நுனியோ சட்டைக் கையோ அதில் அகப்பட்டால், மனிதன் கையை இழுத்துக்கொள்வதற்குள் யந்திரம் தோள் வரையில் இழுத்துவிடும். அந்த வாய்க்கு வேலி வேண்டும்; பட்டையின் நெடுகிலும், இழுத்தால் ஓட்டம் நிற்கும்படியான கயிறு வேண்டும். பெரும்பாலான இடங்களில் வேலியும் இருக்கும், கயிறும் இருக்கும். ஆனால் சுத்தம் செய்வதற்காகக் கழற்றிய வேலி திரும்ப மாட்டப்பட்டதா? கயிறு அறுந்து முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதா? காகிதத்தைப் பார்த்து இதை அறிய முடியாது. போய் நின்று பார்க்கவேண்டும்.

குளோரின் விஷயம் இன்னும் நுட்பமானது. மஞ்சளும் பச்சையும் கலந்த இந்த வாயு காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே அது புகையைப் போல் மேலே போய்விடாது. தண்ணீரைப் போல் பள்ளம் தேடி நகரும். கசிவு நேர்ந்தால் காற்றோடு ஓடுகிறவனும், குழியில் பதுங்குகிறவனும் அதன் வழியிலேயே போகிறார்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஓடி மேட்டில் ஏறுகிறவனே தப்புவான். இப்படிப்பட்ட ஆலைகளின் உயரமான இடங்களில் துணிப்பை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருப்பது அலங்காரத்துக்காக அல்ல. எந்தப் பக்கம் ஓடலாம் என்று காட்டுவதற்காக. எட்டு மணி நேரம் வேலை செய்கிறவன் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் குளோரின் இருக்கக்கூடாது என்பது நம் தேசத்துத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த அளவு. இதனோடு காரைக்காலின் கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். உப்புக் காற்று குழாயின் மூட்டையும் ஆணியையும் உள்ளூரைவிட விரைவில் அரிக்கும். சென்ற வருஷம் திடமாயிருந்த திருகு இந்த வருஷமும் திடமாயிருக்கும் என்று நம்புவது இந்தக் கரையில் பேதைமை.

தொட்டியில் இறங்கும் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். மூடிக் கிடந்த தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் ஒருவன் இறங்கி மயங்குகிறான். அவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதிக்கிறான். அவனும் விழுகிறான். இந்தத் துயரக் கதையில் இரண்டாவதாக இறப்பவன் எப்பொழுதும் நல்லவன்; நண்பனுக்காக உயிர் கொடுத்தவன். அனுமதிச் சீட்டு, வாயுப் பரிசோதனை, இடுப்பில் கட்டிய கயிறு, வெளியே காவல் நிற்கும் ஓர் ஆள் ஆகியவற்றை இன்ஸ்பெக்டர் வற்புறுத்துவது அந்த இரண்டாமவனுக்காகவும்தான்.

இந்த உத்தியோகம் சர்க்கார் மனமிரங்கித் தந்த தானம் அல்ல. பிரெஞ்சு தேசத்தில் 1892-லேயே சர்க்கார் தொழில் இன்ஸ்பெக்டர்கள் ஏற்பட்டுவிட்டார்கள். ஆனால் அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுவையின் பஞ்சாலைகளில் நெடுங்காலம் வேலை நேரத்துக்கும் வரம்பில்லை, சங்கம் வைக்க உரிமையும் இல்லை. பஞ்சுத் தூசியைப் பல வருஷங்கள் சுவாசித்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் மார்பு இறுகும். அது ஒரு நோய் என்று சொல்லவும் ஆளில்லை. 1936 ஜூலை 30-ந் தேதி, வேலைநிறுத்தம் செய்த ஸவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, பன்னிருவர் மாண்டார்கள். அச்சமயம் பாரிஸில் லெயோன் ப்ளூம் மந்திரி சபை இருந்தது. ஸ்ரீ வ. சுப்பையா முதலியோர் நடத்திய போராட்டத்தின் பயனாக 1937 ஏப்ரல் 6-ந் தேதி பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிற்சட்டம் பிறந்தது. எட்டு மணி வேலை நாளும் சங்க உரிமையும் அதன் வழியே வந்தன. காரைக்காலும் பிரெஞ்சிந்தியாவின் பகுதியாகையால் அந்தப் பன்னிருவருக்குக் கடன்பட்ட ஊர்தான்.

எல்லைக்கு அப்பால், சுதந்திர பாரதம் தன் தொழிற்சாலைச் சட்டத்தை 1948-இல் இயற்றி 1949 ஏப்ரல் முதல் தேதி அமலுக்குக் கொண்டுவந்தது. அதே வாரம், ஏப்ரல் 7-ந் தேதி, சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 81-வது உடன்படிக்கையையும் நம் தேசம் ஒப்புக்கொண்டது. இன்ஸ்பெக்டர் எந்தத் தொழிலிடத்திலும், பகலானாலும் இரவானாலும், முன்னறிவிப்பின்றி நுழையலாம் என்பது அதன் உயிரான வாசகம். 1954 நவம்பர் முதல் தேதி காரைக்கால் தாயகத்தோடு இணைந்தது. 1964-இல் புதுவைக்கென்று தனித் தொழிற்சாலை விதிகள் வகுக்கப்பட்டன. இன்றும் காரைக்கால், மாஹே, யானாம் மூன்றுக்கும் தலைமை இன்ஸ்பெக்டரின் காரியாலயம் புதுவையில்தான். காரைக்காலுக்கு அது சுமார் 130 கிலோமீட்டர்.

முன்கூட்டிச் சென்று பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதைப் போபால் உலகத்துக்கே காட்டிற்று. அந்த ஆலையில் 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயு ஒரு தொழிலாளியைக் கொன்றிருந்தது. 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு பெரும் கசிவு நேர்ந்தபொழுது, விஷத் திரவத்தைக் குளிர்விக்கும் சாதனம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. சாதனங்கள் எல்லாம் இருந்தன. வேலை செய்யவில்லை, அவ்வளவே. அதன் பின் 1987-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்து நெருங்குவதாகக் கண்டால் நிர்வாகத்திடமும் இன்ஸ்பெக்டரிடமும் எடுத்துச்சொல்லும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது அப்பொழுதுதான்.

காரைக்காலுக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. ஆலை என்றால் புதுவைச் சர்க்காரின் இன்ஸ்பெக்டர். எண்ணெய்க் கிணறோ சட்டத்தின் கண்ணில் சுரங்கம். அதைப் பார்ப்பவர்கள் தன்பாத்தில் தலைமையிடம் கொண்ட மத்திய சுரங்கப் பாதுகாப்பு இலாகாவினர். வாஞ்சூரை ஒட்டி வேலியைத் தாண்டினால் நாகூர். அது தமிழ்நாடு, நாகப்பட்டினம் ஜில்லா, வேறு சர்க்கார், வேறு இலாகா. நிலக்கரித் தூசியைப் பற்றி நாகூர் ஜனங்கள் முறையிட்டது பத்திரிகைகளில் வந்த செய்தி. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தூசியும் வாயுவும் எந்த ஜில்லா என்று விசாரித்துக்கொண்டா போகும்? அபாயகரமான ஆலைக்கு வெளியே ஜனங்களைக் காக்கும் திட்டத்தை வருஷத்துக்கு ஒரு முறையேனும் ஒத்திகை பார்க்கவேண்டும் என்பது 1989-ஆம் வருஷத்து விதி. காரைக்காலில் அந்த ஒத்திகை எல்லைக் கம்பத்தோடு நின்றுவிட்டால் அது பாதி ஒத்திகைதான். இரண்டு கலெக்டர்களும் சேர்ந்து நடத்தவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இப்பொழுது சட்டமே மாறியிருக்கிறது. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக, 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் இனி வெறும் இன்ஸ்பெக்டர் அல்லர். ஆய்வாளரும் வசதி செய்து கொடுப்பவருமாக இரட்டைப் பட்டம் பெற்றவர். எந்த ஆலையைச் சோதிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது. இதற்கு நியாயம் இல்லாமலில்லை. வந்தவர் கையை நீட்டினார் என்ற புகார் நெடுங்காலத்துப் புகார். அதை யாரும் பொய் என்று சொல்லத் துணியமாட்டார்கள். புத்தி சொல்லும் வேலையும் புதிதல்ல. 1945-இல் டில்லி சர்க்கார் இதற்கென்று முதன்முதலில் ஏற்படுத்திய பதவிக்கே தொழிற்சாலைகளின் தலைமை ஆலோசகர் என்றுதான் பெயர்.

நமக்கு உள்ள கவலை வேறு. 81-வது உடன்படிக்கையில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. தொழிலாளி ஒருவன் புகார் எழுதியதால்தான் சோதனைக்கு வந்தோம் என்பதை இன்ஸ்பெக்டர் முதலாளியிடம் குறிப்பாகக்கூடக் காட்டக்கூடாது. வழக்கமாகவே அடிக்கடி வருகிற இன்ஸ்பெக்டர் ஒரு நாள் புகாரின் பேரில் வந்தால் யாருக்கும் சந்தேகம் தோன்றாது. வருஷக்கணக்காகக் குலுக்கலில் பெயர் விழாத ஆலையில் அவர் திடீரென்று வந்து, நேரே மூன்றாம் நம்பர் தொட்டியைத் திறக்கச் சொன்னால்? வாஞ்சூர் போன்ற சிற்றூரில், கடிதம் எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்க ஒரு டீக்கடையும் அரை மணி நேரமும் போதும்.