ஒரு நூல் இடைவெளி

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்து வடிந்த பிறகு, தெருவெங்கும் வீட்டு வாசல்களில் சாமான்கள் குவிந்து கிடந்தன. பாதிக்குப் பாதி, மரம் என்று நம்பி வாங்கிய அலமாரிகள். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை, தண்ணீர் குடித்து அப்பம்போல ஊதி, கையால் பிட்டால் உதிர்ந்தது. அத்தை வீட்டில் அதே தண்ணீரில் மூன்று நாள் கிடந்த இன்னொரு பொருளும் இருந்தது. அவருடைய மாமியார் நாகர்கோவிலிலிருந்து சீராகக் கொண்டுவந்த அஞ்சறைப் பெட்டி. பலாமரம், விளிம்பில் தாமரை இதழ்ச் செதுக்கல், மூலைகளில் பித்தளைக் கட்டு. சேற்றைக் கழுவியதும் பெட்டி பெட்டியாகவே இருந்தது. காடியில் நகர வேண்டிய மூடி மட்டும் அசையவில்லை.

சுத்தியலை எடுத்த என்னைத் தெருக்கோடிப் பட்டறை ஆசாரி தடுத்தார். "விடுங்க தம்பி. அம்மா, நீங்களும் வெயில்ல வெச்சிராதீங்க. நிழல்ல கெடக்கட்டும். உடம்பு வத்துனா அதுவே தெறக்கும்." மாசி பிறந்த வாரத்தில் திறந்தது. உள்ளே கடுகு முளைத்துக் காய்ந்திருந்தது.

உடம்பு வற்றுவது என்று அவர் சொன்னது உவமை அல்ல. மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவரிலுள்ள செல்லுலோஸ் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும்; இழுக்க இழுக்கச் சுவர் தடிக்கும். மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரம் ஏறும்வரை இந்த வீக்கம் தொடரும். அதற்கு மேல் வரும் தண்ணீர் குழாயின் வெற்றிடத்தை நிரப்புமே தவிர, மரத்தைப் பெருக்காது.

இந்த வீக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதில்தான் தச்சுத்தொழிலின் பாதி சூட்சுமம் இருக்கிறது. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் ஏற்படும் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. கோடைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையில் தாம்பரம் வீடொன்றில் கிடக்கும் பலகையின் ஈரம் 5 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை அப்போது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலும். எந்தப் பசையாலும் ஆணியாலும் இதைத் தடுக்க முடியாது. தடுக்கப் பார்த்தால், காயும்போது பலகை நடுவில் பிளந்துகொள்ளும்.

அத்தையின் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், செய்தவர் இதை எப்படிச் சமாளித்தார் என்பது தெரிகிறது. நான்கு சுவர்ப் பலகைகளிலும் மரத்தின் ரேகை படுக்கையாக ஓடுகிறது. அதனால் மழைக்காலத்தில் சுவர் ஒரு மயிரிழை உயரும். நீள அகலம் மாறாது, மூலைப் பொருத்துகள் விலகாது. அடிப்பலகைக்கு ஆணியும் இல்லை, பசையும் இல்லை. காடிக்குள் சும்மா செருகியிருக்கிறது. மூடிக்கு ஒரு நூல் இடைவெளி. தச்சுக் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல், ஆக ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டர் சொச்சம். தேக்குக் கணக்கில் பருவமழை கேட்பது 2, அவர் விட்டது 3. ஈரமானியும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை.

வெள்ளம் கேட்டது அதைவிட அதிகம். நன்றாக ஊறிய பலகைக்கு 6, 7 மில்லிமீட்டர் வேண்டும். அதற்கு இடமில்லாததால்தான் மூடி இறுகியது.

இதே அறிவைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, கோவளம் வழியாக முட்டுக்காடு போகலாம். அங்கே 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு நிற்கிறது. ஒரு வீட்டையே பெட்டிபோலக் கழற்றி மாட்ட முடிகிறதென்றால், அதன் பிடிப்பு ஆணியில் இல்லை, பொருத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த மரபின் கைக்கடக்கமான வடிவம் நெட்டூர்ப் பெட்டி. தலச்சேரி அருகிலுள்ள நெட்டூரின் பெயரைத் தாங்கிய நகைப்பெட்டி இது. தோதகத்தியிலோ பலாவிலோ செய்து, கேரளக் கூரைபோல நாலு பக்கமும் சரியும் மூடி போட்டு, பித்தளை பதித்திருப்பார்கள். மகரவிளக்குக்குப் பந்தளத்திலிருந்து சபரிமலைக்குத் தலையில் சுமந்து போகும் திருவாபரணப் பெட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்தக் கூரை மூடி புதிதல்ல. எல்லோரும் அதைக் கோயில் சாயல், அலங்காரம் என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கணக்கும் தெரிகிறது. சரிவுப் பலகையில் ரேகை படுக்கையாக ஓடினால், ஈரத்தில் அது விரிவது சரிவின் மேல்நோக்கித்தான். உச்சி இம்மியளவு உயரும். வாயின் சுற்றளவு அப்படியே இருக்கும். ஆடி மழையிலும் மூடி இறுகாது. உச்சியில் விழும் மெல்லிய விரிசலைப் பித்தளைப் பூ மறைத்துவிடும்.

அந்தப் பித்தளைக்கு வேறு வேலையும் உண்டு. கடற்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்து மரத்தைப் பிளக்கும். போதாக்குறைக்கு, மரத்தின் துவர்ப்புச் சத்தான டானினோடு இரும்பு சேர்ந்தால் கருங்கறை படியும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல்தான். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் பெட்டிப் பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதை அத்தை நிறுத்த வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இடுக்கில் தங்கிப் பச்சைக் களிம்பை வரவழைக்கும். அவர் கேட்டபாடில்லை.

மூன்று நாள் தண்ணீரும் பல பத்தாண்டு வண்டும் அத்தையின் பெட்டியைத் தின்னாமல் விட்டதற்குக் காரணம், பலகை முழுக்க வைரம் பாய்ந்த கட்டை. வெளிப்புற வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும், உளுக்க வைக்கும் வண்டுக்கு அதுதான் சோறு. வைரத்தில் அது கிடையாது. தேக்கு வைரத்தில் கரையானுக்கு ஆகாத டெக்டோகுவினோன் வேறு உண்டு. உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று தொல்காப்பியம் பிரித்திருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். ஒருவித்திலைத் தாவரங்களாகப் புல்லையும் பனையையும் ஒரே பக்கத்தில் வைக்கும் இன்றைய தாவரவியலும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஈரத்தை வாங்கிவிடும் இதே குணம் உள்ளிருக்கும் பொருளுக்குக் காவலும் ஆகிறது. ஜப்பானின் நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் 756-இல் காணிக்கையாக வந்த அரச உடைமைகள் சீடர் மரப் பெட்டிகளில் தங்கித்தான் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. வெளியே ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் பெட்டிக்குள் அது கொஞ்சமே அசைகிறது என்று அங்கே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறும் ஈரத்தைப் பலகையே குடித்து, காயும் நாளில் திருப்பிக் கொடுக்கிறது. ஓ.எம்.ஆர். அடுக்ககங்களின் ஏ.சி. அறையில் பாட்டி வீட்டுப் பெட்டி வெடிப்பதும் இந்தக் குணத்தால்தான்: எந்தத் தச்சரும் எதிர்பார்க்காத வறட்சி அது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழம்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்லலாம். கடைசலில் கடைந்த குங்குமச் சிமிழைக் கையில் எடுத்து வெர்னியர் காலிப்பரால் இரண்டு குறுக்களவு எடுங்கள்; ஒன்று ரேகையோடு, மற்றது ரேகைக்குக் குறுக்காக. புதுச் சிமிழ் வட்டமாக இருக்கும். ரேகை பக்கவாட்டில் ஓடும் பழைய சிமிழ், குறுக்கில் மட்டும் சுருங்கி, இம்மியளவு முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். சாயத்தையும் தேய்மானத்தையும் போலியாகச் செய்வதுபோல இதைச் செய்வது அவ்வளவு சுலபமல்ல.

அத்தையின் மூடி இப்போது கோடையில் கடகடவென்று ஆடுகிறது. வீங்க இடமில்லாமல் இறுகிக் கிடந்த நாட்களில் விளிம்பின் செல்கள் நசுங்கிவிட்டன. காய்ந்தபோது பலகை பழைய அகலத்துக்குத் திரும்பவில்லை. ஓரத்தில் ஒரு பட்டி ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ஆசாரி மறுத்துவிட்டார். "பங்குனில அடைச்சா ஐப்பசில தெறக்காது, தம்பி." அத்தை நாள்காட்டித் தாளொன்றை நான்காக மடித்துக் காடியில் செருகியிருக்கிறார். முதல் மழைக்கு அதை உருவி எடுத்துவிடுவார்.